பள்ளி அறிவியல் புராஜெக்டில் மருத்துவக் கருவி: யோசனையிலிருந்து போட்டி வரை முழு வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள், ஏதாவது ஒரு மருத்துவச் சிரமத்துக்குத் தீர்வாக ஒரு கருவியோ எளிய ஏற்பாடோ செய்து பார்க்க நினைத்தால் அவர்களுக்கானது இது. கைடு டீச்சர்களும் பெற்றோரும் கூடவே படித்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்துகொண்டு செய்யக்கூடியதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

புதிதாக வரும் குழுக்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. யோசனை தோன்றிய மறுநாளே, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் சென்சார் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அந்த சென்சாருக்குப் பொருந்துகிற நோயாளியைத் தேடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் கடைக்குப் போவது ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தும் நடந்து விசாரிக்கிற வேலை, எழுதுகிற வேலை. அவற்றைச் செய்தால் பாதிச் செலவு குறையும்.

குறைந்தது மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எக்ஸிபிஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் மாடல் கிடைக்கும், சோதனை முடிவு கிடைக்காது.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் ஒரு தைத்த நோட்டு. பக்கங்களுக்கு எண் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, செய்ததையும் கண்டதையும் எழுதுங்கள். தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு அடியுங்கள். எந்த யோசனை எப்போது வந்தது, எது ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு இந்த நோட்டுதான் சாட்சி. தனித் தாள்களில் எழுதிப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் கடைசியில் தாளும் இருக்காது, தேதியும் இருக்காது.

அடுத்து, மருத்துவத் துறையில் வேலை செய்யும் ஒரு பெரியவர். டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன் இவர்களில் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கருவிகளை நாள் முழுக்கக் கையில் எடுத்துப் புழங்குபவர்கள் அவர்கள். எது எங்கே மாட்டிக்கொள்ளும், எதை யாரும் தொடக்கூட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். குடியிருப்பிலோ சொந்தத்திலோ விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார்.

பள்ளி லெட்டர்ஹெட்டில் ஹெச்.எம். கையெழுத்திட்ட ஒரு கடிதமும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். கடிதம் இல்லாமல் சுகாதார நிலையத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

கடைசியாக, நம்பகமான ஓர் ஒப்பீட்டுக் கருவி. வெப்பம் அளக்கப் போகிறீர்கள் என்றால் பள்ளி லேபில் இருக்கும் நல்ல தெர்மாமீட்டர். எடை என்றால் தெரிந்த எடைக் கற்கள். இது இல்லாவிட்டால் உங்கள் சென்சார் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை.

2. ஒருவர் படும் சிரமத்தை நேரில் பாருங்கள்

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில்தான் வரும். "நேத்து இதை எப்படிச் செஞ்சீங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.

ஒரு குழு, பாட்டிக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் அலாரப் பெட்டி செய்யக் கிளம்பியது. பாட்டியைச் செய்து காட்டச் சொன்னார்கள். அவர் மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் மூட்டு வீங்கியிருந்ததால் அழுத்தம் போதவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளைக் குத்திக் கிழித்தார். மாத்திரை இரண்டாக உடைந்து, ஒரு பாதி கட்டிலுக்கு அடியில் உருண்டது. நேரம் பாட்டிக்கு நிமிட சுத்தமாகத் தெரியும். அட்டையிலிருந்து மாத்திரையை எடுப்பதுதான் முடியவில்லை. அலாரப் பெட்டியை அன்றே கைவிட்டார்கள். மாத்திரையை உடையாமல் தள்ளிவிடும் ஒரு சின்ன மரநெம்புகோல்தான் அவர்கள் புராஜெக்ட் ஆயிற்று.

எங்கே போய்ப் பார்ப்பது? பெரிய அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. நேரத்தில் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரமிருக்காது, நீங்கள் இடைஞ்சலாகவும் இருப்பீர்கள். வார்டுக்குள் போகவே வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள், தெருமுனை மருந்துக்கடை, மதியத்துக்கு மேல் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம், இவை போதும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே பெறுபவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டுப் பேசலாம்.

பேசியவரின் பெயரை நோட்டில் எழுதாதீர்கள். 'பெண், 70 வயதுக்கு மேல்' என்ற அளவு போதும். போட்டோ எடுக்காதீர்கள். ஒருவருடைய நோய் விவரம் அவருடையது. எக்ஸிபிஷன் சார்ட்டில் அது வருவதற்கு அவர் சம்மதித்திருக்க மாட்டார்.

3. சிக்கலை ஒரே வாக்கியத்தில், எண்ணோடு எழுதுங்கள்

"சர்க்கரை நோயாளிகளுக்கு உதவும் கருவி" என்று எழுதினால், அது வேலை செய்ததா என்று கடைசிவரை தெரியாது. யாருக்கு, எந்த நேரத்தில், எந்த அளவுக்குள் என்று மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இனி ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். "ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் குப்பியை மே மாத மதியத்திலும் 30 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும், கரண்ட் கூடாது, செலவு 300 ரூபாய்க்குள்."

இந்த எண் எங்கிருந்து வந்தது? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். திறந்து உபயோகிப்பதைப் பல வகைகளில் சுமார் 4 வாரம் வெளியே வைக்கலாம். வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் அந்தந்த மருந்துக்கான அளவு அச்சாகியிருக்கும். மருந்தாளுநரிடம் கேட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் கேட்ட எண்ணை வாக்கியத்தில் வைக்காதீர்கள். எண் தவறானால் பின்னால் வரும் எல்லாமே தவறு.

4. ஏற்கெனவே என்ன இருக்கிறது, இயற்கை எவ்வளவு இடம் கொடுக்கும்

இரண்டையும் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஏற்கெனவே இருப்பதைத் தேட மூன்று இடங்கள்: ஆன்லைன் கடைகள், கூகுள் பேட்டன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளம். நீங்கள் நினைத்தது போன்ற ஒன்று ஏற்கெனவே இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். அதை வாங்கியவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று படியுங்கள். உங்கள் வேலை அங்கே இருக்கலாம்.

இரண்டு யோசனைகளைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலி அலையால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்த பார்வையற்றோர் கைத்தடி, ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்தால் கத்தும் அலாரம். எல்லா எக்ஸிபிஷனிலும் இவை இருக்கும். தடியில் முன்னோக்கிப் பொருத்திய சென்சார் எதிரில் உள்ள சுவரைச் சொல்லும், காலடியில் மூடியில்லாத பள்ளத்தைச் சொல்லாது. நம் நடைபாதையில் ஆபத்து காலடியில்தானே! ட்ரிப்ஸ் அலாரத்தில் எடையை வைத்துக் கணக்கிடுபவர்கள், கண்ணாடி பாட்டிலும் பிளாஸ்டிக் பாட்டிலும் காலியாக இருக்கும்போதே வேறு வேறு எடை என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்தக் குறைகளில் ஒன்றைத் தீர்க்க முடிந்தால் மட்டும் இவற்றை எடுங்கள்.

அடுத்து இயற்கை. இன்சுலின் உதாரணத்தில் எல்லாருக்கும் தோன்றுவது மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமாக இருந்தால் ஆவியாவது குறையும். வேலூரில் ஜில்லென்று இருக்கும் பானை சென்னையில் அதே அளவு குளிராது. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் இன்னும் குறையும்.

எவ்வளவு தூரம் குளிரும் என்று பானை வாங்காமலே கண்டுபிடிக்கலாம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, நிழலில் வைத்து, விசிறியால் வேகமாக விசிறுங்கள். எண் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. எந்தப் பானையும் அதற்குக் கீழே போகாது. 35 டிகிரி வெயிலில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் அது ஏறக்குறைய 28 டிகிரி. ஆக, 30-க்குள் என்ற இலக்கு இழுபறியாகவாவது சாத்தியம். 25-க்குள் என்றால் அந்த நேரத்தில் மண்பானையால் முடியவே முடியாது. ஒரு துணித்துண்டு இதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் தெருவில் வெவ்வேறு நேரங்களில் இதை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

5. தொடக்கூடாதவற்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைக் கடைசியில் வைப்பவர்கள், செய்து முடித்த புராஜெக்டைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

மனிதர்கள் மீது சோதனை கூடாது. நண்பன் விரலில் சென்சாரை வைத்துப் பார்ப்பதுகூடப் பல போட்டிகளின் கணக்கில் மனிதர் மீதான ஆய்வுதான். பன்னாட்டுப் போட்டியான ஐசெஃப்பில், ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு பரிசீலனைக் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும். முடித்த பிறகு வாங்கியது செல்லாது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நெறிமுறைப்படியும் 18 வயதுக்குட்பட்டவர் பங்கேற்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் வேண்டும்.

ரத்தம், எச்சில், சிறுநீர் எதையும் கையாள வேண்டாம். வீட்டில் பாக்டீரியா வளர்க்காதீர்கள். ஐசெஃப் விதிகள் இதை அடியோடு தடுக்கின்றன. உடலைத் தொடும் எதையும் சுவர் பிளக்கோடு இணைக்காதீர்கள். இ.சி.ஜி. சென்சாரை உடலில் ஒட்டிக்கொண்டு, அதை சார்ஜில் இருக்கும் லேப்டாப்பில் செருகுவது அடிக்கடி பார்க்கிற ஆபத்து. சார்ஜர் பழுதானால் கரண்ட் உடல் வழியாகப் போகும்.

"இந்த நோய் இருக்கிறது, இல்லை" என்று சொல்லும் கருவியும் வேண்டாம். தவறாக 'இல்லை' என்று சொன்னால் ஒருவர் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவார். வைப்பது, பிடிப்பது, திறப்பது, நினைவூட்டுவது, சேமிப்பது போன்ற வேலைகளில் பள்ளிப் பிள்ளைகள் செய்யக்கூடியது ஏராளமாக இருக்கிறது.

நம் உதாரணத்தில் குப்பிக்குள் தண்ணீர்தான் இருக்கும். உண்மையான இன்சுலினை வைத்துச் சோதிப்பது வீண், ஆபத்தும்கூட.

6. முதலில் அட்டை மாடல், அப்புறம் ரிச்சி தெரு

அட்டைப்பெட்டி, ஐஸ் குச்சி, களிமண் வைத்து உண்மையான அளவில் ஒரு மாடல் செய்து, உபயோகிக்கப் போகிறவர் கையில் கொடுங்கள். கைக்கு அடங்குகிறதா, எடையைத் தாங்க முடிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மாத்திரை நெம்புகோல் குழுவின் முதல் அட்டை மாடலைப் பாட்டி தலைகீழாகப் பிடித்தார். அதனால்தான் அடுத்த மாடலின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல அமைந்தன.

தீர்வுக்கான பொருளையும் அளப்பதற்கான பொருளையும் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள். பானையும் மணலும் தீர்வு. சென்சாரும், அது சொல்லும் எண்ணைப் படிக்கும் எலக்ட்ரானிக் போர்டும் அளவுகோல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 300 ரூபாய்த் தீர்வு 2,000 ரூபாய்க் கருவியாக மாறி, யாருக்காகச் செய்தோமோ அவர் வாங்க முடியாததாகிவிடும். எல்லாவற்றிலும் ஒரு சென்சாரைச் சேர்க்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நெம்புகோலில் ஒரு ஒயர்கூட இல்லை.

ரிச்சி தெருவுக்கு மவுண்ட் ரோடு பக்கமிருந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பாகத்தின் முழு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். "டெம்பரேச்சர் சென்சார் குடுங்க" என்றால் டி.ஹெச்.டி.11 கொடுத்துவிடுவார்கள், அதன் பிழை 2 டிகிரி வரை போகும். 30-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது உதவாது. தண்ணீர் புகாத உறை போட்ட டி.எஸ்.18பி20 கேளுங்கள், அதன் பிழை அரை டிகிரி அளவுதான். தேவைக்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். எக்ஸிபிஷனுக்கு முந்தின இரவு கடை திறந்திருக்காது.

மின்சாரத்துக்குச் சதுர 9 வோல்ட் பேட்டரியை நம்ப வேண்டாம், சீக்கிரம் இறங்கிவிடும். பவர் பேங்க் நல்லது. ஆனால் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். இரவெல்லாம் பதிவாகும் என்று விட்டுவிட்டுப் போனால் காலையில் ஓர் அளவும் பதிவாகியிருக்காது. முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

7. ஒவ்வொன்றாக இணையுங்கள்

எல்லாவற்றையும் பிரெட்போர்டில் (ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) செருகிவிட்டு ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். வேலை செய்யாவிட்டால் எதில் கோளாறு என்று தெரியாது. ஒரு சென்சார், அதற்கான லைப்ரரியுடன் (தயார் நிரல் தொகுப்பு) வரும் மாதிரி புரோகிராம், அது சரியான எண்ணைக் காட்டிய பிறகு அடுத்தது.

டி.எஸ்.18பி20-இல் இரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 127 என்று வந்தால் சென்சாரோடு தொடர்பே இல்லை. ஒயரையும், டேட்டா ஒயருக்கும் பவர் ஒயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 85 என்று வந்தால் அது இன்னும் அளக்கவே தொடங்கவில்லை என்று அர்த்தம். பவர் வந்ததும் அதன் நினைவில் இருக்கும் எண் அது. இந்த 85-ஐச் சராசரியில் சேர்த்துவிட்டு, பானை ஏன் சூடாகிறது என்று குழம்புபவர்கள் உண்டு.

நம் உதாரணத்துக்கு இந்த சென்சார்கள் மூன்று வேண்டும்: பானைக்குள் ஒன்று, வெளியே ஒன்று, காற்றில் ஒன்று. மூன்றையும் போர்டின் ஒரே பின்னில் இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. எது எது என்று அறிய, ஒன்றை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். திரையில் எந்த எண் ஏறுகிறதோ அதன் ஒயரில் டேப் ஒட்டி 'அ' என்று எழுதுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பானைக்கு உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்பதே மாறிப்போகும்.

8. சோதனை

மூன்று மாதத்தில் ஒரு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஜட்ஜ் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வரும்.

முதலில் சென்சாரைச் சரிபாருங்கள். ஐஸை நன்றாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, மூன்று சென்சார்களையும் லேப் தெர்மாமீட்டரையும் அதில் விடுங்கள். எண் நின்றதும் எல்லாம் 0-வை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 0.4 காட்டினால் அதை எழுதி வைத்து, பின்னால் ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய ஐஸ் கட்டிகள் மிதக்கும் டம்ளரில் இது சரியாக வராது. மேலும் கீழும் வெப்பம் வேறுபடும்.

அடுத்து ஒப்பீடு. பானைக்குள் ஒரு தண்ணீர்க் குப்பி, அதே அறையில் வெளியே அதேபோல இன்னொரு குப்பி, மூன்றாவது சென்சார் காற்றில். வெளியே இருக்கும் குப்பி இல்லாமல் "29 டிகிரி வந்தது" என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. அன்று அறையே 29 டிகிரியாக இருந்திருக்கலாம். முடிந்தால் நான்காவதாக, நனைக்காத பானை ஒன்றும் வையுங்கள். குளிர்ந்தது ஈரத்தாலா, தடித்த மண்சுவராலா என்பது அப்போதுதான் பிரியும்.

சென்சார் முனை குப்பிக்குள் இருக்கும் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். பானைச் சுவரைத் தொட்டால் சுவரின் வெப்பத்தைத்தான் சொல்லும். குப்பியை ஒரு சின்ன மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். லேபிள் நனைந்து எழுத்து அழிந்தால் நிஜ வாழ்க்கையில் அது ஆபத்து. பானை நிழலில், காற்றோட்டமாக இருக்கட்டும்.

காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை அரை மணிக்கு ஒரு முறை மூன்று அளவுகளையும் எழுதுங்கள். கூடவே எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதையும். வெயில் நாள், மேகமூட்டம், கடல்காற்று பலமான நாள் என்று பல நாள் செய்யுங்கள். ஒரே ஒரு நல்ல நாளின் கிராஃபைக் காட்டுவது ஏமாற்று. உள்ளே 30-ஐத் தாண்டிய மணி நேரங்களைச் சிவப்பில் குறியுங்கள். "புழுக்கமான நாளில் மதியம் இந்த நேரத்திலிருந்து இந்த நேரம்வரை இது போதாது" என்று சொல்ல முடிவதுதான் இந்தப் புராஜெக்டின் உண்மையான கண்டுபிடிப்பு. ஒரு வீட்டுக்கு அந்தத் தகவல் பானையைவிட முக்கியம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மணலுக்குப் பதில் தேங்காய் நார் போட்டுப் பார்க்கிறீர்களா, அன்று மூடியையும் மாற்றாதீர்கள்.

9. திரும்பிப் போய்க் காட்டுங்கள்

இரண்டாவது படியில் பேசினவரிடமே மாடலை எடுத்துப் போங்கள், உங்கள் மருத்துவத் துறைப் பெரியவர் உடனிருக்கட்டும். எப்படி உபயோகிப்பது என்று சொல்லித்தராமல் முன்னால் வைத்துவிட்டுக் கவனியுங்கள். எங்கே தயங்குகிறாரோ அங்கே மாடலை மாற்ற வேண்டும். பானைக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டு, "நான் காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவேன்" என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஒரு வரியால் வடிவமைப்பே மாறும்.

அவருடைய நிஜ மருந்தை அதில் வைக்கச் சொல்லாதீர்கள். அவரே கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

10. போட்டிக்கு அனுப்புவதும் காப்புரிமையும்

மாணவர்களின் புதிய யோசனைகளுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் விருது–மானக் திட்டத்துக்குப் பள்ளிதான் இணையத்தில் யோசனைகளைப் பரிந்துரைக்கும். தேர்வானால் மாடல் செய்ய மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். ஹெச்.எம்.மிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு உதவியில் அமைந்த செய்முறைக் கூடம்) இருந்தால் 3டி பிரின்டர் போன்றவற்றை அங்கேயே உபயோகிக்கலாம்.

சார்ட்டில் மூன்றாவது படியின் வாக்கியம் மேலே, கிராஃப் நடுவில், எங்கே போதவில்லை என்பது கீழே. படங்களும் மேற்கோள்களும் இடத்தை அடைக்க வேண்டாம். ஜட்ஜிடம் குழுவில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லும்படி பழகுங்கள்.

யோசனை புதிது என்று நம்பினால், எக்ஸிபிஷனில் வைப்பதற்கும் வீடியோ போடுவதற்கும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். பொதுவில் காட்டிய பிறகு 'புதியது' என்ற தகுதியே போய்விடலாம். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஆன்லைனில் அடிப்படை விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். சோதனைகளைத் தொடர அந்த அவகாசம் உதவும். சிகிச்சை முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, கருவிக்குத்தான் கேட்க முடியும்.

செய்ததை விற்கவோ பலருக்குக் கொடுக்கவோ நினைத்தால் அது மருத்துவக் கருவியா என்ற கேள்வி வரும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் அதற்குப் பொருந்தலாம். அந்தக் கட்டத்தில் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து, ஒரு கல்லூரியின் உயிர்மருத்துவப் பொறியியல் துறையை அணுகுங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். முதலில் அவர்கள் கேட்பது சோதனை அளவுகளைத்தான்.